படகு வண்டியில் சேருமா

எட்டு வயதில் எனக்கு இரண்டு லட்சியங்கள் இருந்தன. ஒன்று, எப்படியாவது படகில் ஏறிவிட வேண்டும். இன்னொன்று, வேளாங்கண்ணிக்கு நடந்தே போக வேண்டும். மரக்காணத்து உப்பளங்களுக்குப் பக்கத்தில் பிறந்தவள் எட்டு வயதுவரை படகில் ஏறியதில்லை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் எங்கள் வீட்டில் கடலுக்குப் போகிறவர்கள் யாரும் கிடையாது. அப்பா மரக்காணத்தில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். சித்தப்பா உப்பளத்தில் மேஸ்திரி. கடல் தண்ணீர் பாத்திக்கு வந்து காய்ந்து உப்பானால் போதும் என்று இருக்கிற குடும்பம். கடல் மேல் ஏறிப் போவதெல்லாம் வேறு ஆட்களின் வேலை.

இரண்டு லட்சியங்களும் ஒரே நாளில் நிறைவேறின. முழுதாக இல்லை, ஏதோ கால்வாசி. ஆனால் அந்தக் கால்வாசிக்கே நான் போட்ட ஆட்டம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது.

வருஷா வருஷம் ஆகஸ்ட் கடைசியில் எங்கள் மாதா கோயில் பங்கிலிருந்து பாதயாத்திரை கிளம்பும். சைக்கிள் சக்கரம் பூட்டிய சப்பரத்தில் மாதா சுரூபம், அதன் பின்னால் ஒலிபெருக்கி, அதற்கும் பின்னால் காவி உடுத்திய ஐம்பது அறுபது பேர். ஒருவர் காலிலும் செருப்பு இருக்காது. புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் என்று கடற்கரையை ஒட்டியே ஒன்பது நாள் நடந்து வேளாங்கண்ணி போய்ச் சேருவார்கள். அவர்கள் தெருமுனையில் மறையும்வரை கோயில் மதில்மேல் நின்று கை காட்டுவதுதான் அதுவரை எனக்குக் கிடைத்த பாக்கியம்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அத்தையும் கிளம்பினாள். அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. எங்களுக்கு அடுத்த வீடு. அவளுடைய கணவர், எங்கள் மாமா, சவுதியில் டிரைவராக இருந்தார். மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை அப்பாவின் அலுவலகத்துக்கு போன் செய்வார். அத்தை காலையிலேயே பஸ் ஏறிப் போய் அந்த போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். ஈஸ்டருக்குப் பிறகு அந்த போன் அவளுக்காக அடிக்கவே இல்லை. வேலை மாறிவிட்டார், பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கிக்கொண்டான், ஜெயிலில் இருக்கிறார் என்று ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அத்தை யார் சொன்னதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேராக மாதாவிடம் போய்விட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், பாதி ஊர் பார்த்திருக்க, சுரூபத்துக்கு முன்னால் நின்று சத்தமாகவே சொன்னாள்: “நம்ம கோயில் படியிலேருந்து உன் காலடி வரைக்கும் நடந்தே வர்றேன். நடுவுல எந்த வண்டியிலயும் ஏற மாட்டேன். அவரைக் கொண்டாந்து சேத்துடு தாயே.”

எங்கள் ஊரில் வேண்டுதலை மனதுக்குள் ரகசியமாக வைத்துக்கொள்கிற பழக்கம் இல்லை. நாலு பேருக்குத் தெரிந்தால்தான் மீறத் தோன்றாது என்று ஓர் ஏற்பாடு. மீறினாலும் பெரிய தண்டனை ஒன்றும் கிடையாது. திரும்பி வந்து கோயில் படியிலிருந்து மறுபடி நடக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முந்தின வருஷம் ஒருவர் சிதம்பரம் தாண்டியதும் கால் வீங்கிப்போய் மினி லாரியில் ஏறிவிட்டார். ஊருக்குத் திரும்பி வந்து முதலிலிருந்து நடந்தார். திருவிழா முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது போய்ச் சேர்ந்தார். ஆனாலும் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அவரைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசுவார்கள்.

நானும் போவேன் என்று ஒரு வாரம் அழுதேன். ஒரு நாள் பூராவும் இட்லியைத் தொடவில்லை. பக்கத்து வீட்டில் போய் தோசை சாப்பிட்டேன் என்பது வேறு விஷயம். கடைசியில் அப்பா இறங்கிவந்தார். முதல் நாள் மட்டும் நடக்கலாம், அன்று சாயங்காலம் எல்லோரும் தங்குகிற கூனிமேட்டுக்கு மொபெட்டில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று முடிவானது.

இங்கேதான் சித்தப்பா உள்ளே வருகிறார். வழக்கமாக யாத்திரை மரக்காணம் போய், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தெற்கே திரும்பும். அது சுற்று வழி, பத்து மணிக்கு மேல் தார் ரோட்டில் வெறுங்காலை வைத்தால் கொப்பளித்துவிடும், உப்பளத்தைத் தாண்டி கழுவெளி ஏரியோரமாகவே போனால் பாதி நேரத்தில் கூனிமேடு என்று சித்தப்பா ஆரம்பித்தார். “கண்ணைக் கட்டி வுட்டாலும் நான் போய்ச் சேர்ந்துடுவேன்” என்றார். சித்தப்பாவின் குறுக்கு வழிகள் எங்கள் பக்கம் கொஞ்சம் பிரசித்தம். ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரை அவர் குறுக்கு வழியில் கூட்டிக்கொண்டு போய், தாலி கட்டி முடித்து இலை எடுக்கிற நேரத்தில் சேர்த்தார். மாப்பிள்ளை முன்னாலேயே போயிருந்ததால் பிழைத்தார்கள். அப்படியிருந்தும் அவரோடு சேர்த்து எட்டுப் பேர் அந்த வழியில் கிளம்பினோம். சப்பரமும் ஃபாதரும் மற்றவர்களும் ரோட்டு வழியாகப் போனார்கள்.

எட்டுப் பேரில் நானும் அத்தையும் சித்தப்பாவும் போக, கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் ஒருவர், மீதி நாலு பேர் அத்தையின் தோழிகள். ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டியது. ஃபாதரின் மந்திரிப்பு, மாலை, போட்டோ என்று எட்டு மணி ஆகிவிட்டது.

உப்பளம் வரைக்கும் எனக்குப் பழகிய இடம்தான். பாத்திகளில் வெயில் விழுந்து கண் கூசியது. சுனாமியில் வந்த சேற்றை வாரி வரப்போரம் கொட்டியிருந்தது அப்போதும் குவியல் குவியலாகக் கிடந்தது. உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் எங்கள் காவியைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். என்னையும் சேர்த்துத்தான் கும்பிட்டார்கள். எட்டு வயதில் ஒருவர் கும்பிடுவதை வாங்கிக்கொள்வது சாதாரண சந்தோஷம் இல்லை. நான் ஃபாதர் மாதிரி கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்ய, அத்தை என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

உப்பளம் முடிந்த இடத்தில் ஏரி ஆரம்பித்தது. நான் அதுவரை ஏரி என்றால் மதகும் கரையுமாக ஊர்ப்பக்கம் இருப்பது என்று நினைத்திருந்தேன். கழுவெளிக்குக் கரை என்று சொல்லும்படி ஒன்றுமே இல்லை. கண்ணுக்கு எட்டியவரை சாம்பல் நிறத்தில் காய்ந்த சேறு, நடுவில் பளபளவென்று தண்ணீர், அதற்கப்பால் பனைமரங்கள் பொடிப்பொடியாகத் தெரிந்தன. காய்ந்த சேறு அப்பளம்போல நொறுங்கியது. நொறுங்கிய இடத்தில் உள்ளே ஈரச் சேறு இருக்கும், கால் கணுக்கால்வரை சளக்கென்று இறங்கும். நான் வேண்டுமென்றே நல்ல இடங்களை விட்டுவிட்டு நொறுங்குகிற இடமாகப் பார்த்து மிதித்துக்கொண்டு போனேன்.

பிறகு வேலிகாத்தான் புதர் வந்தது. வழி இருந்த இடத்தில் இப்போது முள்தான் இருந்தது. “போன வருசம் இங்க வழி இருந்துச்சு” என்றார் சித்தப்பா, அதை யாரோ திருடிக்கொண்டு போய்விட்டதுபோல. எல்லோரும் தவழ்ந்து போனோம். உபதேசியாரின் காவி வேட்டி முள்ளில் மாட்டிக்கொண்டது, அவர் முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்ல ஆரம்பித்தார். அத்தைதான் முள்ளை ஒடித்து அவரை விடுவித்தாள். அதைத் தாண்டினால் செம்மண் பள்ளங்கள். மழைத் தண்ணீர் அறுத்துக்கொண்டு ஏரிக்கு ஓடிய தடம், ஆள் உயரத்துக்கு இருக்கும். ஒவ்வொன்றிலும் இறங்கி ஏற வேண்டும். மற்றவர்கள் வேரைப் பிடித்து இறங்கினார்கள். நான் உட்கார்ந்து சறுக்கினேன். ஒரு பள்ளத்தில் திரும்ப ஏறிப்போய் மூன்று முறை சறுக்கினேன். மூன்றாவது முறை அத்தையும் சறுக்கினாள். அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை என்பது இப்போது கணக்குப் போட்டால்தான் தெரிகிறது. கையில் ஜெபமாலை உருளும், வாய் என்னைத் திட்டும், நடுநடுவே சிரிப்பும் வரும். மூன்றும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்யாமல் நடந்தன.

மத்தியானத்துக்கு மேல் ஒரு கழிமுகக் கால்வாய்க்கு வந்தோம். கடல் தண்ணீர் ஏரிக்குள் வந்து போகிற வழி. அதைக் கடந்தால் பனந்தோப்பு, தோப்பைக் கடந்தால் கூனிமேடு. சித்தப்பாவின் கணக்கில் அங்கே முழங்கால் அளவுதான் தண்ணீர். கணக்கில் தப்பில்லை, காலை ஆறு மணிக்குக் கிளம்பியிருந்தால். இப்போது ஓதம் ஏறி, தண்ணீர் கரை முட்ட நின்றது.

அந்தத் தண்ணீரில் ஒரு படகு நின்றது. நீல நிறம், புத்தம் புது ஃபைபர் படகு. சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்தது. கடலுக்குப் போகிற அவ்வளவு பெரிய படகை அந்த மீனவர் எதற்காக இந்தக் கால்வாய்க்குள் வைத்துக்கொண்டு இறால் பிடித்தார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. என்னைப் பொறுத்தவரை மாதாவே எனக்காக அனுப்பி வைத்திருந்தாள்.

“ஏறுங்க, அக்கரையில வுட்டுடறேன்” என்றார் படகுக்காரர்.

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அங்கே ஆரம்பித்தது விவாதம்.

“வண்டின்னா சக்கரம் இருக்கணும்க்கா. போட்டுக்கு சக்கரமா இருக்குது?” என்றார் சித்தப்பா.

“அப்போ ஏரோப்ளேன்ல போனா நடந்ததா அர்த்தமா?” என்றாள் அத்தை.

ஏரோப்ளேனுக்குச் சக்கரம் உண்டு என்று உபதேசியார் நியாயமாக எடுத்துச் சொன்னார். அது யாருக்கும் உதவவில்லை.

“ஏசுவே போட்ல ஏறி உக்காந்துதானே பிரசங்கம் பண்ணாரு?” சித்தப்பா விடவில்லை.

“அவரு வேண்டுதல் வெச்சிருந்தாரா?”

நான் முழுக்க முழுக்க சித்தப்பா கட்சி. அத்தை ஏற மாட்டேன் என்றால் எல்லோரும் சுற்றிக்கொண்டு போக நேரிடுமோ, படகு கைவிட்டுப் போய்விடுமோ என்று எனக்கு உயிரே இல்லை. படகு வண்டி இல்லை, வண்டி இல்லை என்று குதித்துக் குதித்துக் கத்தினேன். கடைசியில் உபதேசியார்தான் தீர்ப்புச் சொன்னார். அத்தை படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து வரட்டும், பாதம் தரையில் இருக்கும்வரை அது நடைதான், விளிம்பைப் பிடிப்பது ஏறியதாக ஆகாது. அத்தைக்கு இது சரியாகப் பட்டது.

படகின் முதல் நடையில் மற்ற ஆறு பேரும் அக்கரைக்குப் போய், நிழல் தேடி நேராகத் தோப்புக்குள் போய்விட்டார்கள். நான் மட்டும் அத்தையோடு இருந்துகொண்டேன். பாசம் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். படகு முழுக்க எனக்கே எனக்கு வேண்டும் என்பதுதான் காரணம்.

இரண்டாவது நடையில் படகுக்காரர் மூங்கிலை ஊன்றித் தள்ள, நான் ராணிபோல நடுவில் உட்கார்ந்தேன். அத்தை விளிம்பைப் பிடித்தபடி இறங்கினாள். இடுப்பு, வயிறு, மார்பு என்று தண்ணீர் ஏறியது. நான் குப்புறப் படுத்து அவள் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டேன். “பயமா இருக்குதா அத்தை?” என்றேன். “உன்னைப் பாத்தாத்தான் பயமா இருக்குது, ஒழுங்கா உக்காருடி” என்றாள். ஒழுங்காக உட்கார்ந்தால் தோப்பில் இருப்பவர்களுக்கு நான் படகில் வருவது எப்படித் தெரியும்? எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். அப்புறம் எனக்குத் தெரிந்ததெல்லாம் மூக்கில் ஏறிய உப்புத் தண்ணீர்தான்.

அத்தை என்னைப் பிடித்துவிட்டாள். பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினாள். தூக்கிய பாரத்தில் அவள் கால் சேற்றுக்குள் போக, அவள் முகம் தண்ணீருக்குள் போய்விட்டது. படகுக்காரர் முதலில் என்னை வாங்கினார், பிறகு அத்தையின் கையைப் பிடித்து ஒரே இழுப்பாக உள்ளே இழுத்துப் போட்டார். எல்லாம் ஒரு நிமிஷம் இருக்கும். அத்தை படகின் தரையில் கிடந்து இருமினாள். என் முதுகைத் தட்டினாள், காதைத் துடைத்தாள், கையைக் காலைத் தொட்டுப் பார்த்தாள். அதெல்லாம் முடிந்த பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று பார்த்தாள்.

கரைக்கு இன்னும் இருபது அடி இருந்தது.

“நான் ஒன்னும் பாக்கலம்மா. நீ நடந்துதான் வந்தே” என்றார் படகுக்காரர், மூங்கிலைப் பார்த்துக்கொண்டே.

 கரை வந்ததும் அத்தை இறங்கிப் புடவையைப் பிழிந்தாள். தண்ணீரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, “வா, போலாம்” என்று தோப்பைப் பார்த்து நடந்தாள். யாரிடமும் சொல்லாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவள் சொல்லவில்லை. அந்த இருபது அடியை விழுங்கிவிட்டு நடந்துவிட அவள் முடிவு செய்துவிட்டாள் என்றுதான் இன்று நினைக்கிறேன்.

எனக்கோ உடம்பெல்லாம் துள்ளிக்கொண்டிருந்தது. படகில் ஏறியாயிற்று, தண்ணீரில் விழுந்தாயிற்று, பிழைத்தும் ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் யாருக்கு இப்படி வாய்த்திருக்கிறது? அதோடு எங்கள் கட்சியும் ஜெயித்துவிட்டது. அத்தையின் கையை உதறிவிட்டுத் தோப்புக்கு ஓடினேன்.

“சித்தப்பா! அத்தையும் போட்ல ஏறிடுச்சு! நாமதான் ஜெயிச்சோம்!”

பனையோலையைப் போட்டுப் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.  அத்தை வந்து சேர்ந்ததும் எல்லோரும் சேர்ந்தாற்போலப் பேசினார்கள். குழந்தையைக் காப்பாற்ற ஏறியது கணக்கில் வராது, அவளாக எங்கே ஏறினாள், இழுத்துத்தானே போட்டார்கள் என்றார்கள். உபதேசியார் ஆபத்துக்குப் பாவமில்லை என்றார். சித்தப்பா என் காதைத் திருகினார். “புள்ள மேல என்னாடா தப்பு? ஏறினேன்தானே” என்று அத்தை என் காதை விடுவித்தாள். அதன்பிறகு கூனிமேடு வரை அவள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே முன்னால் நடந்தாள். நான் மட்டும் விழுந்த கதையை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

கூனிமேட்டில் ரோட்டு வழியாக வந்தவர்கள் எங்களுக்கு முன்னாலேயே வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா அவர்களுடைய முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார். ஒரு டீக்கடை பாய் யாத்திரைக்காரர்களுக்கென்று நன்னாரி சர்பத் கரைத்து வைத்திருந்தார். “எங்க வாப்பா காலத்துலேருந்து குடுக்கறதும்மா, நல்லா குடிங்க” என்று ஊற்றிக்கொண்டே இருந்தார். நான் மூன்றாவது டம்ளரில் இருந்தபோது அப்பாவின் மொபெட் வந்து நின்றது. ஆறு மணிக்கு வருவதாகச் சொன்னவர் நாலரைக்கே வந்துவிட்டார். மொபெட்டை ஸ்டாண்டு போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

அத்தை எழுந்து போனாள். நான் டம்ளரோடு பின்னாலேயே போனேன்.

“உங்கிட்ட ஒன்னு சொல்லணும்” என்றார் அப்பா.

“நானும் உங்கிட்ட ஒன்னு சொல்லணும்ணா. நான் மொதல்ல சொல்லிடறேன்” என்று அத்தை முந்திக்கொண்டாள். படகு, சேறு, இருபது அடி எல்லாவற்றையும் சொன்னாள். “எல்லாரும் பரவால்லன்றாங்க. எனக்கு மனசு கேக்கலண்ணா. நான் வீட்டுக்கு வந்துட்டு, காலையில மறுபடி படியிலேருந்து நடக்கறேன். அவரு நல்லபடியா வரணும்ல? வேணாம்னு மட்டும் சொல்லாதே.”

அப்பா வெகுநேரம் ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீ என்னா சொல்ல வந்தே?” என்றாள் அத்தை.

“ஒன்னுமில்ல” என்றார் அப்பா. “நானும் கூட வர்றேன்.”

அப்பாவுக்கு நடை என்றாலே ஆகாது. தெருக்கோடிக் கடைக்கே மொபெட்டில் போகிறவர். எனக்கு ஆச்சரியப்பட நேரமில்லை. மறுபடி நடக்கப்போகிறார்கள் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. நானும், நானும் என்று அப்பாவின் கையைப் பிடித்துத் தொங்கினேன். எப்போதும் மூன்று முறை முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் சரி என்பவர், அன்று முதல் தடவையே சரி என்றார். மொபெட்டில் மூன்று பேரும் திரும்பினோம். வேண்டுதல் அன்றைக்கு முறிந்துபோனதால் அத்தை வண்டியில் ஏறுவதில் தடையில்லை. அவள் மனம் லேசாகிவிட்டிருந்தது. மாமா முதன்முதலில் மொபெட் ஓட்டக் கற்றுக்கொண்டு உப்புக் குவியலுக்குள் விட்ட கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். அப்பா திரும்பிப் பார்க்கவே இல்லை.

மறுநாள் விடிகிற நேரத்தில் கோயில் படியில் முட்டி போட்டுவிட்டு மூன்று பேரும் கிளம்பினோம். மறுபடி உப்பளம், மறுபடி அப்பளச் சேறு, மறுபடி பள்ளங்கள். எனக்கு இப்போது வழி தெரியும். நான்தான் முன்னால் போனேன், சித்தப்பாவின் குரலில் உத்தரவு போட்டுக்கொண்டு. கால்வாயில் ஓதம் இறங்கி முழங்கால் தண்ணீர்தான் இருந்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதில் ஏற முடியாதது ஒரு குறைதான். ஆனாலும் அத்தையும் நானும் கையைக் கோத்துக்கொண்டு, கத்திக்கொண்டு, தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு கடந்தோம். மாமா வந்ததும் அவரை இந்த வழியாகக் கூட்டி வந்து முள்ளில் மாட்டிவிட வேண்டும் என்றாள். அப்பா பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, வெள்ளைக் கால்களோடு பின்னால் வந்தார். சிப்பி குத்தி அவர் பாதத்தில் ரத்தம் வந்ததை நான்தான் பார்த்துச் சொன்னேன். அவர் கவனித்திருக்கவில்லை.

கூனிமேட்டில் அம்மா வந்து என்னை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள். அப்பாவும் அத்தையும் தெற்கே நடந்தார்கள். கூட்டத்துக்கு ஒரு நாள் பின்னால், இரண்டே பேராக.

நான் காலேஜில் சேர்ந்த வருஷம் அம்மா எனக்கு மீதியைச் சொன்னாள். நான் பள்ளத்தில் மூன்றாவது முறை சறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அப்பாவின் அலுவலகத்தில் அந்த போன் அடித்திருக்கிறது. மாமாவோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஒருவர் பேசினார். பாஸ்போர்ட் இல்லாமல் ஒளிந்து வேலை செய்ததால் ஈஸ்டரிலிருந்து போன் செய்யாதிருந்த மாமா, ரோட்டில் அடிபட்டு இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. யாரென்று தெரியாமல் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, அப்போதுதான் அடையாளம் கண்டுபிடித்திருந்தார்கள். உடல் வர இன்னும் ஒரு மாதமாவது ஆகும் என்றார். அதைச் சொல்லி அத்தையை வீட்டுக்குக் கூட்டிப்போகத்தான் அப்பா அத்தனை சீக்கிரம் வந்தார். நான் தோப்பில் வாயை மூடிக்கொண்டிருந்தால் அத்தை முந்திக்கொண்டு பேசியிருக்க மாட்டாள், அவர் சொல்லி முடித்திருப்பார். அவள் ஈரப் புடவையோடு வந்து நின்று கேட்டதும் அவருக்கு நாக்கு எழவில்லை. ஒன்பது நாள் அவள் பக்கத்திலேயே நடந்தார். அவள் மெழுகுவர்த்தி ஏற்றி முடித்த பிறகு, வேளாங்கண்ணிக் கடற்கரை மணலில் உட்காரவைத்துச் சொன்னார்.

அவர்கள் பஸ்ஸில் திரும்பி வந்த சாயங்காலம் எனக்கு இது எதுவும் தெரியாது. உடல் வரும்வரை பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அத்தை வந்துவிட்டாள் என்றதும் பாடப் புத்தகத்தைப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினேன். ஏரியை இரண்டு முறை நடந்தவள் என்று வகுப்பில் எனக்குக் கிடைத்திருந்த மரியாதையை அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. உள் அறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. அப்பா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவர் பாதத்தில் கட்டுப் போட்டிருந்தது. அத்தை அதுவரை நான் கேட்டிராத குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

“கூனிமேட்டுலயே உனக்குத் தெரியும். தெரிஞ்சும் நடக்க வுட்டே. கொண்டாந்து சேத்துடு, கொண்டாந்து சேத்துடுன்னு ஒம்பது நாளும் மாதாவைக் கேட்டுக்கினே வந்தேனே அண்ணா. அவ என்னைப் பத்தி என்னா நெனைச்சிருப்பா?”

“நீ சிரிச்சிக்கினு நடந்தேம்மா” என்றார் அப்பா. “என்னால முடியல.”

எனக்குப் புரிந்தது ஒன்றுதான். கூனிமேடு என்கிறார்கள், நடந்தது என்கிறார்கள், அப்படியானால் சண்டை படகைப் பற்றித்தான். நான் கத்தியதால்தான் இவ்வளவும். அப்பாவுக்குத் திட்டு விழுவது எனக்குப் பொறுக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

“அத்தை, அப்பாவைத் திட்டாத. நான்தான் கத்தினேன். இனிமே சொல்ல மாட்டேன்” என்றேன்.

அத்தை என்னைப் பார்த்தாள். இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, என் தலையில் முகத்தை வைத்து அழுதாள். பஸ்ஸில் ஆறு மணி நேரம் வந்தும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அப்போதுதான் அழுதாளாம். அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தோஷம் தாங்கவில்லை. அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டு, காதோரம் சொன்னேன்:

“அழாத அத்தை. மூணாவது வாட்டி நடக்கலாம். இந்த வாட்டி நான் போட்ல ஏறவே மாட்டேன், மாமா கண்டிப்பா வந்துடுவாரு.”